நாம் திறக்கவில்லை

இந்த அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம், மேடம். அந்தச் சுவரில் கனமான துணி ஏதாவது தொங்கவிட்டால் நீங்கள் பதிவு செய்வது இன்னும் தெளிவாகக் கேட்கும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒலிப்பதிவுக்காரன் எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் அவன் காதுதான் உள்ளே நுழையும்.

நீங்கள் கேட்டது என் அக்காவைப் பற்றி. ஆனால் விளையாட்டிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

'கடலடிக் கோட்டை' என்று ஓர் இணைய விளையாட்டு. கடலுக்கு அடியில் ஒரு கோட்டை, மீன்வால் குதிரைகள், மந்திரம் கற்ற பூனைகள் என்று ஊர்ப்பட்ட சங்கதிகள் உண்டு. விளையாடுகிறவர் பழைய நினைவெல்லாம் அழிந்துபோய் அந்தக் கோட்டைக்குள் கண் விழிப்பார். தான் யார், எப்படி இங்கே வந்தோம் என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். சில மாதங்களுக்கு ஒருமுறை கதையில் ஒரு புது அத்தியாயம் வரும். தமிழில் அந்த வசனங்களை மொழிபெயர்த்தவள் அக்கா. சின்ன ஸ்டூடியோ என்பதால் பாதிப் பாத்திரங்களுக்குக் குரலும் அவள்தான். கோட்டை வாசலைக் காக்கும் சாவிக்காரி பேசுவது அவள் குரலில். பதிவு செய்து, வெட்டி, படத்தின் வாயசைவோடு ஒட்டுவது என் வேலை. கதவு தட்டுவது, படகு உரசுவது போன்ற சத்தங்களும் நான்தான். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். நான் நன்றி மறந்தவன் இல்லை.

எனக்கு இன்னொரு முகம் இருந்தது. அந்த விளையாட்டின் கதையைப் பிரித்து மேய்ந்து பேசும் ஒரு சேனல் நடத்தினேன். பெயர் 'ஒட்டுக்கேட்பவன்'. முகம் காட்ட மாட்டேன், குரலையும் கொஞ்சம் மாற்றிவிடுவேன். ரசிகர்கள் 'ஒட்டண்ணே' என்று கூப்பிடுவார்கள். ஸ்டூடியோவில் நான் 'தம்பி, அந்த ஒயரைச் சுருட்டி வை' என்று சொல்லப்படுகிற ஆள். சேனலில் நான் தொண்டையைச் செருமினால்கூட அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள் என்பது யாருக்கும் தெரியாது.

போன அத்தியாயத்தில் ஒரு காட்சி வந்தது. கோட்டைக்கு வெளியே நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று விளையாடுகிறவர் கேட்பார். சாவிக்காரியின் முகம் திரை முழுக்க வரும். "தண்ணி ஏறிச்சு. வெளியே நின்னவங்க தட்டினாங்க. நாங்க திறக்கல" என்பதுதான் சங்கதி. விளையாட்டில் எல்லாரும் எழுத்துத் தமிழில் பேசுவதால், அக்கா எழுதியது 'நாங்கள் திறக்கவில்லை'. ஆனால் படத்தில் அந்த முதல் சொல் முடிகிற இடத்தில் சாவிக்காரியின் உதடுகள் மூடிக்கொள்கின்றன. 'நாங்கள்' என்றால் வாய் திறந்தபடி முடியும். எத்தனை முறை எடுத்தும் ஒட்டவில்லை. "நாம்னு ஒரு தடவை சொல்லிப் பாருக்கா" என்றேன். அக்கா சலிப்போடு சொன்னாள். உதட்டோடு அச்சாக ஒட்டியது. சும்மா சோதனைக்குச் சொன்னதாகவே அவள் நினைத்திருந்தாள். நான் அதையே வைத்து அனுப்பிவிட்டேன். வேலையில் இதெல்லாம் சகஜம்.

அந்த ஒரு சொல் என்ன செய்தது தெரியுமா, மேடம்? 'நாங்கள் திறக்கவில்லை' என்றால் கோட்டைக்காரர்கள் திறக்கவில்லை. 'நாம் திறக்கவில்லை' என்றால் கேட்டுக்கொண்டு நிற்பவரும் சேர்த்தி. அதாவது விளையாடுகிறவரும் அன்றைக்கு அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார். நினைவு அழிந்ததற்கும் அதுதான் காரணம். இதை என் சேனலில் முதலில் சொன்னவன் நான்தான்.

தீப்பிடித்ததுபோல் பரவியது. அதற்கு முன்புவரை ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாவிக்காரிதான் காணாமல்போன ராணி என்றார் ஒருவர். எல்லாம் ஒரு பூனையின் கனவு என்று ஒரு கூட்டம் ஒற்றைக்காலில் நின்றது. என் விளக்கத்துக்குப் பிறகு எல்லாரும் அவரவர் கதையைக் கைவிட்டார்கள். ஆங்கிலம் போன்ற மொழிகளில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், அந்த மொழிக்காரர்கள் தமிழ் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். பயம் நிஜமாகவே பிடித்தது. அந்த அத்தியாயத்தில், விளையாட்டுக்குள் நமக்கென்று உள்ள வீட்டுக் கதவு அவ்வப்போது தட்டப்படும். முன்பு அதைக் கண்டுகொள்ளாதவர்கள், இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடுகிறோம் என்று எழுதினார்கள். ஒரு பெண், தன் நிஜ வீட்டில் யாராவது தட்டினால்கூட நெஞ்சு படபடக்கிறது என்று எழுதினார். படிக்க எனக்கும் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

'கொசு' என்ற பெயரில் எழுதும் ஒருவர் மட்டும் காதருகே ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தார். கதை சரி, தட்டும் சத்தம்தான் போலி என்றார். 'சாகப்போகிறவன் தட்டுவது போலவா இருக்கிறது? பால்காரர் தட்டுவது போல இருக்கிறது' என்று எழுதினார். ஸ்டூடியோக் கதவில் நானே முட்டியால் தட்டிப் பதிவு செய்த சத்தம் அது. அவர் சொன்னது உண்மை என்பதால் வலித்தது.

பிறகு ஒரு நாள் அக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சொன்னாள்: "தம்பி, வெளியூர்லேர்ந்து கதை எழுதினவங்க கேட்டிருக்காங்க. விளையாடுறவர் அங்க இல்லவே இல்லையாம். 'நாங்கள்'தான் சரி. திரும்ப எடுத்துக் குடுத்துடலாம். என் பேர்லயே ஒரு விளக்கமும் போட்டுடறேன். நீ வெச்சேன்னு சொல்ல மாட்டேன், பயப்படாத."

அவள் சிரித்துக்கொண்டே, "யாரோ ஒட்டுக்கேட்பவனாம். கிறுக்குப் பய. என் வாய் தவறினதுல ஒரு கோட்டையே கட்டிட்டான். நாளைக்கு அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவானோ, பாவம்" என்றாள்.

கோபம் வரவில்லை, மேடம். பயம்தான் வந்தது. ஒரே நாளில் அத்தனை பேரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். பிறகு நான் வெறும் தம்பி, ஒயர் சுருட்டுகிறவன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் உங்களுக்கும் பயம் வந்திருக்கும்.

ஸ்டூடியோ முதலாளி மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவார். அந்த நேரத்தில் எடுத்துவிடலாம் என்றாள் அக்கா. பதிவு அறையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் புகாத சின்ன அறை, கனத்த கதவு. உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாகிறது. அதனால் யார் உள்ளே போனாலும் வெளியே ஒருவர் உட்கார்ந்திருப்பது எங்கள் வழக்கம். பதிவின்போது ஏசியையும் காற்றுக் குழாயையும் அணைத்துவிடுவோம், அந்த இரைச்சல் மைக்கில் விழும் என்பதால். அந்த வாரம் சுவரில் புது நுரைப் பலகை ஒட்டியிருந்தார்கள். பசை வாடை மூக்கைத் துளைத்தது. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மருந்துக் குழல் எப்போதும் கைப்பையில் இருக்கும். கைப்பையை என் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் தெளிவாகச் சொன்னாள்: "நாங்கள் திறக்கவில்லை." வாய் ஒட்டவில்லை. பரவாயில்லை, அர்த்தம்தான் முக்கியம் என்றாள். நான் உள்ளே பேசும் பொத்தானை அழுத்தி, "'நாம்'னே இருக்கட்டும்க்கா" என்றேன். முடியாது என்றாள். இருமினாள். "கதவத் திற, மூச்சு முட்டுது" என்றாள். "இருக்கட்டும்னு சொல்லுக்கா, திறக்கறேன்" என்றேன்.

தம்பி விளையாடுகிறான் என்று முதலில் நினைத்திருப்பாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள். வெளியே எதுவும் கேட்காது, அவ்வளவு நல்ல கதவு. ஹெட்போனில் மட்டும் கேட்டது. "சரிடா, 'நாம்'னே இருக்கட்டும்" என்றும் சொன்னாள். நான் நியாயமாகத்தான் யோசித்தேன். மூச்சு முட்டும்போது கொடுக்கிற வாக்கை எப்படி நம்புவது? வெளியே வந்ததும் மாற்றிச் சொல்ல மாட்டாள் என்று என்ன நிச்சயம்? அந்தச் சொல்லைத் திருத்த உலகத்தில் ஒரே ஒரு குரலால்தான் முடியும். அப்போதும் ஒலியின் அளவைச் சரியாக வைத்திருந்தேன். அளவு காட்டும் முள் ஒரு தடவைகூடச் சிவப்புக்குப் போகவில்லை.

தட்டுவது நின்ற பிறகு கடைக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து, கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். தனியாகப் பயிற்சி செய்யப் போயிருப்பாள், கதவு சாத்திக்கொண்டிருக்கும் என்று எல்லாரும் அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு அழுதார், கைப்பிடியைச் சரிசெய்யாமல் விட்டதற்காக. விளையாட்டுக் கம்பெனி, இறந்தவருக்கு மரியாதையாக அந்த வசனத்தை அப்படியே விட்டுவிடுவதாக அறிவித்தது. 'நாம்' நிலைத்துவிட்டது. சேனலில் அக்காவுக்காக ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொசுவின் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த அத்தியாயத்துக்குத் தட்டும் சத்தத்தை மாற்றினேன். என்னிடம் நல்ல பதிவு ஒன்று இருந்தது. முதலில் உள்ளங்கை, பிறகு முஷ்டி, கடைசியில் நகம். யாராலும் நடித்துத் தர முடியாது. குரல் கலந்த இடங்களையெல்லாம் வெட்டி எடுத்தேன். அல்லது எடுத்ததாக நினைத்தேன்.

அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் கணக்குப் பார்ப்பதைத் தவிர ஒன்றும் தெரியாதவர். அவர் ஒரு நாள் வந்து, "தம்பி, அந்த ஆட்டத்துல உங்கக்கா குரல் வருதாமே, கேக்கணும்" என்றார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து எந்த விசையை அழுத்தினால் நடக்கலாம், எப்படித் திரும்புவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவர் யாரோடும் சண்டை போட மாட்டார், புதையல் தேட மாட்டார். கடையைச் சாத்தியதும் நேராகச் சாவிக்காரியிடம் போய் நின்று, அவள் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். எனக்கே கண் கலங்கியது.

புது அத்தியாயம் வந்தது. தட்டும் சத்தத்தைக் கேட்டவர்கள் உறைந்துபோனார்கள். கொசு முதல்முறையாகப் பாராட்டினார். பிறகு அந்தச் சத்தத்தைப் பெருக்கி, இரைச்சலை வடிகட்டி, ஒரு துணுக்கை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். தட்டலுக்கு அடியில் மெல்லிய குரல் ஒன்று 'தம்பீ' என்கிறது. அதுவும் சாவிக்காரியின் குரலில். உடனே விளக்கங்கள் குவிந்தன. சாவிக்காரிக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான், அவள் உள்ளே இருந்தவளே இல்லை, வெளியே நின்று செத்தவள், தம்பி உள்ளே இருந்துகொண்டு திறக்கவில்லை என்றார்கள். ஒட்டண்ணே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

மாமா எதையும் பெருக்கவில்லை, வடிகட்டவில்லை. விளையாட்டுக்குள் அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது, அவர் கேட்டார், அவ்வளவுதான். இருபது வருடம் கூட வாழ்ந்த மனுஷருக்கு மூச்சு வாங்கும் சத்தமே போதுமாக இருந்திருக்கிறது. நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். ஒலியைச் சுத்தம் செய்யாமல் விட்டேனே என்பதுதான் எனக்கு இன்னமும் உறுத்தல். தொழிலில் அது பெரிய தப்பு.

ஒரு வேண்டுகோள், மேடம். என்னை வைத்திருக்கும் அறைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர் தட்டிவிட்டுத் திறக்கிறார். சாவி அவரிடம்தானே இருக்கிறது, தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர் போன பிறகும் தட்டுகிற சத்தம் நிற்பதில்லை. முதலில் உள்ளங்கை, பிறகு முஷ்டி. காதைப் பொத்தினால் இன்னும் நன்றாகக் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அவரைத் தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னதுதான், கையெழுத்துப் போடுகிறேன். கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். 'அவள் தட்டினாள், நான் திறக்கவில்லை' என்று இருக்கிறது. அந்தச் சத்தத்தை விளையாடுகிற அத்தனை பேரும் கேட்டார்கள். நீங்களும் இந்த மேஜையில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டீர்கள். யாரும் எழுந்து போகவில்லை. 'நாம்' என்று மாற்றிவிடுங்கள், மேடம். வாய்க்கும் அதுதான் ஒட்டும்.