தசம் ஒன்பது ஒன்பது ஆறு

உலகத்தார் அனைவருக்கும், குறிப்பாக என் எதிரே பேனாவோடு உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கும், அதிமுக்கிய அறிவித்தல்: 0.996 என்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருப்பார்கள்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகள் நிற்குமா சரியுமா என்று கணிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. அதற்கு வாங்கிய மென்பொருளுக்கு ஒரு கெட்ட குணம்: ஒரு கேள்விக்கு இரண்டு எண்களைச் சொல்லும். கீழ் எல்லை, மேல் எல்லை. உண்மை இடையில் எங்கோ. ஒன்றுக்கு மேல் என்றால் மலை நிற்கும், கீழ் என்றால் சரியும். கீழ் எல்லை ஒன்றுக்குக் குறைந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வீடுகளில் இருந்த ஒரு லயத்துக்கு மேலுள்ள சரிவுக்கு 0.996, 1.31 என்று வந்தது. அட்டவணையில் இரண்டு தசமத்துக்குத்தான் இடம்.

“கீழ் எல்லைய எப்பவும் கீழதான் வெட்டணும் சேர். 0.99ண்டு போடுங்க. அதுக்குத்தானே இந்தச் சாமானையே வாங்கின,” என்றார் கூட வேலை செய்யும் றம்லத்.

பணிப்பாளர் திருச்செல்வம் கோட்டோடு வந்தார். வெயிலிலும் அவர் அதைக் கழற்றுவதில்லை. உள்ளே ஆளில்லை என்று தெரிந்துவிடும்.

“நடராஜா, சனத்தை எழுப்பினால் எங்கை வைக்கிறது? இருக்கிறது ஒரு மண்டபம். செவ்வாய்க்கிழமை அதிலைதானே எங்கட மென்பொருளுக்குத் திறப்பு விழா. அமைச்சர் வாறார், விளங்குதோ?”

விளங்கியது. எல்லா எண்ணையும் கிட்டிய எண்ணுக்கு மட்டந்தட்டும்படி மென்பொருளில் ஒரு வரியை மாற்றினேன். 1.00 என்று பச்சையில் வந்தது. என் பெயரிலேயே ஒப்பமிட்டேன். அடுத்தவர் தலையில் கட்டுகிற பழக்கம் எனக்கில்லை.

செவ்வாய் முற்பகல், அமைச்சர் குத்துவிளக்கின் மூன்றாம் திரியில் இருந்தபோது மலை வந்தது. மழை என்பதால் யாரும் கொழுந்து பறிக்கப் போகவில்லை; எல்லோரும் வீட்டில். முப்பத்தொரு பேர். இந்த எண்ணுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை கிடையாது. மண்டபம் பிறகு பயன்பட்டது. அமைச்சருக்கு வாங்கிய மாலைகளும் வீணாகவில்லை.

மலை நிற்கும் என்று மனதார நம்பினேன் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அதே லயத்தில் குடியிருந்த என் மச்சான் அழகமுத்துவுக்குப் போன் எடுத்தேன். “புள்ளைங்களோட ஒரு கிழமைக்கு டவுனுக்கு வாங்க மச்சான். பெரிய டிவி எடுத்திருக்கேன்,” என்றேன்.

என் வீட்டில் டிவி கிடையாது.