ஒரு மாசம் கூட, ஒரு மாசம் குறைவு

"ஒரு பொம்புளைட சீனியாலதான் உம்மா எனக்குப் பட்டம் கிடைக்கப் போகுது" என்றாள் பின் சீட்டில் இருந்த பிள்ளை.

மாம்புரியில் பஸ் ஏறிய தாயும் மகளும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் மேல்படிப்பாம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களைக் கம்பியூட்டரில் வைத்து ஆராயும் ட்ரெய்னிங்காம்; அதை வைத்து ஆய்வு எழுதினால்தான் பட்டமாம்.

"ஆரு அந்தப் பொம்புள?"

"பேர் காட்ட மாட்டாங்க, நம்பர் மட்டும்தான். மாம்புரி ஆள். ஒரு மாசம் ரத்தத்துல சீனி உச்சத்துல நிக்கிது. அடுத்த மாசம் நல்லா இறங்கிருது. திரும்ப ஏறுது. மருந்து அதே மருந்துதான். எங்கட டொக்டர் சேர் இப்பிடி ஒண்டக் கண்டதே இல்லையாம். வாற கிளினிக்குக்குக் கொழும்புல இருந்து அவவப் பாக்க வாறாரு."

பஸ் பாலாவியைத் தாண்டியது.

"மகள், கிளினிக்குக்குப் போனா முழு நாளும் போயிரும்தானே."

"ஓம், அதுக்கு?"

"அதால ஒரு மாசம் உன்ட சாச்சி போவா, ஒரு மாசம் நான் போவன். கிளினிக் கொப்பி சாச்சிட பேர்லதான். மருந்தக் கொண்டுவந்து ரெண்டு பேரும் பிரிச்சிக்குவம். அவவுக்குச் சீனி கூட. எனக்குக் கொஞ்சம்தான்."

"அல்லாஹ்வே! உம்மா, என்ட பட்டம்!"

"மெதுவாப் பேசு புள்ள, ஆக்கள் கேக்கப் போறாங்க."

பிறகு தாய் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அப்ப சேர் வாற அண்டைக்கு ஆர் வரணும்? சாச்சியா, நானா?"