மாட்டுக்கொட்டகையில் படுத்தவர்

— இன்னிக்கே கூட்டிட்டுப் போயிரு அழகி. மீனாளையும் பிள்ளைக ரெண்டையும். சாயங்காலம் உன் ஊரு நெற்குப்பைக்குப் பஸ்ஸு இருக்குல்ல, அதுல ஏத்திரு.

— என்ன ஆத்தா பேசுற நீ? ஐயா செத்துப் பதினாறுகூட முடியல. மருமகளையும் பேரம்பேத்தியையும் வீட்டை விட்டுக் கிளப்புனா நம்ம கண்டனூர்க்காரக என்ன சொல்லுவாக? தம்பிதான் சும்மா இருப்பானா?

— சொல்றவுக சொல்லட்டும். நீ மெதுவாப் பேசு தாயி.

— யாரு கேக்கப் போறா? தம்பி செம்மலை கம்மாய்க்குக் குளிக்கப் போயிருக்கான். நேத்தும் பிள்ளைக படுத்திருந்த அறை வாசல்ல குறுக்கப் படுத்திருந்தியாமே. தாலியறுத்தவ மூலையில இருக்காம, காவக்காரி மாதிரி வாசல்ல கெடக்குறாளேன்னு பெரியாத்தா கேக்குறாக. என்ன, ஐயா பேயா வருவாகன்னு பயமா?

— பயந்தான்.

— அவுகளுக்கா? ஒரு சுடுசொல்லு சொல்லியிருப்பாகளா? காரைக்குடிக்குப் பென்சன் வாங்கப் போனா, எனக்குப் பால்பன் வாங்கி நசுங்காம சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாருவாக. நீ வயலுக்குப் போன நாளெல்லாம் எனக்கு ரெட்டைச்சடை பின்னிவிட்டதே ஐயாதான். பட்டாளத்துல கயிறு முறுக்குன கைன்னு சொல்லுவாக.

— அந்தக் கையைத்தான் சொல்ல வாரேன். உங்கய்யா ஏன் வீட்டுக்குள்ள படுக்கலன்னு தெரியுமா உனக்கு?

— மாட்டுக்குக் காவலாக் கொட்டகையில படுத்தாக. பட்டாளத்துக்காரனுக்கு வீட்டுக்குள்ள தூக்கம் வராதுன்னு அவுகளே சொல்லுவாகளே.

— அப்படிச் சொல்லுங்கன்னு சொன்னதே நாந்தான். உன் இடது கை எப்படி முறிஞ்சுச்சு?

— சின்னப் பிள்ளையில கெணத்தடியில வழுக்கி விழுந்தேன்.

— விழல தாயி. பர்மாச் சண்டை முடிஞ்சு வந்த வருசம் அது. நீ தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சுப் போயி அவுக நெஞ்சு மேல ஏறிப் படுத்துட்ட. அவுகளுக்குக் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா உன்னைத் தெரியல. சப்பான்காரன் வந்து அமுக்குறான்னு நெனச்சு முறுக்கிட்டாக. நான் அலறிக்கிட்டு மேல விழுந்தப்பறந்தான் கையை விட்டாக.

— ஐயாவா? என் ஐயாவா?

— விடியுற வரைக்கும் உன்னை மடியில போட்டுக்கிட்டு அழுதாக. பொழுது விடிஞ்சதும் கட்டிலைத் தூக்கிக் கொட்டகையில போட்டாக. வெளிப்பக்கம் தாப்பாப் போடுடின்னாக. கண்ணு தெரியாமக் கெழடு தட்டிப் போன காலத்துலயும் நாந்தான் போட்டேன். மழை பேஞ்சா ஒழுகும், கூப்பிட்டாலும் வரமாட்டாக. உன் தம்பி பொறந்தப்ப, பொழுது சாஞ்சுட்டா அவனைத் தொடக்கூட மாட்டாக.

— இருட்டுன பெறகு நாங்க அங்குட்டுப் போனா வெரட்டுவாக. கோவக்காரருன்னுல்ல நெனச்சேன். எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல ஆத்தா.

— சொன்னா நீ அவுகளைக் கண்டு ஒதுங்குவ. மனுசன் அதைத் தாங்க மாட்டாக.

— நான் ஒதுங்கியிருக்க மாட்டேன் ஆத்தா... சரி, அவுகதான் போயிட்டாகளே. இப்ப யாருக்குப் பயந்து நடுங்குற? செத்தவுக வந்தா பிள்ளைக கையை முறிக்கப் போறாக?

— கேக்காத. நீ கூட்டிட்டுப் போ.

— என்னன்னு சொல்லாம எப்படிக் கூட்டிட்டுப் போறது? மீனாளும் முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போத்திக்கிட்டே திரியுறா. தம்பி வங்காளச் சண்டையில உசுரு பொழைச்சு, பிள்ளைக மொகத்தைப் பாக்கணும்னு லீவுல ஓடியாந்தான். வந்த எடத்துல ஐயாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியதாப் போச்சு. இப்பப் பிள்ளைகளையும் பிரிச்சா என் மொகத்துல முழிப்பானா?

— முழிப்பான். நீ போயி அதுக துணிமணியை எடுத்து வையி.

— நான் எடுக்க மாட்டேன். இந்தா, அவனே வந்துட்டான். துண்டைக் கொடியில போட்டுட்டு இங்குட்டு வா செம்மலை. ஆத்தா பேசுறதைக் கேளு. உன் பொண்டாட்டி பிள்ளைகளை இன்னிக்கே எங்கூட அனுப்பணுமாம். ஐயா பேயா வருவாகன்னு பயமாம்.

— அவுக வரமாட்டாகக்கா. உங்கிட்டக் கேக்கச் சொன்னதே நாந்தான்.

— நீயா? ஏன்டா?

— மீனாள் கழுத்துல கெடக்குறது என் வெரல் தடங்க்கா.