நர்ஸம்மாவுக்கு ஏழாம் மாதம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலுப்பூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு கிராம நர்ஸுகள். தலை நரைத்தவர் சொன்னார்:

“எனக்கு ஏழாம் மாசமாம். போன்ல சேதி வந்துருக்கு.”

“ரிட்டயர் ஆவுற வயசுல ஏன்க்கா இந்த வம்பு?” என்று சின்னவர் சிரித்தார்.

“மீமிசல்ல வேலை பாத்தப்ப, மாசமா இருக்க பிள்ளைகளப் பதியிறப்ப, போன் இல்லாதவுகளுக்கு என் நம்பரத்தான் குடுத்தேன். மாறுதலாகி வந்தும் எனக்கே வருது.”

“நம்பர மாத்தச் சொல்ல, உதவி நம்பர் இருக்குல்ல?”

“போட்டேன். ‘எடது பக்கமாப் படுங்கம்மா, கீரை சாப்பிடுங்க’ன்னு என்னையவே கவனிக்கிறாங்க.”

சின்னவர் போனை வாங்கிச் சேதியின் மீதியையும் வாசித்தார். “அக்கா, ரத்தம் ரொம்பக் கொறவாம். இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வரணுமாம். யாருக்கு?”

“பேரு போடலையே. மீமிசல்ல என் நம்பர் குடுத்ததுல, ஏழு மாசத்துல நாலு பிள்ளைக இருக்கு.”

“அங்க உள்ள நர்ஸைக் கேளுங்க.”

“என் எடத்துக்கு இன்னும் ஆளே போடலடி.”

தலை நரைத்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நாலு வீட்டுக்கும் போயிட்டு வாரேன். ஆபீஸ்ல சொல்லிரு.”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று, போகிற வண்டிகளுக்குக் கை நீட்டினார். எங்கள் பஸ் கிளம்பும் வரை அந்தப் பக்கம் பஸ் எதுவும் வரவில்லை.

எழுதியது: ஐப்பசி ஏழாம் தேதி.