இருபத்து நான்கு மாதத் தண்ணீர்

நான் எங்கே போனாலும் என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டுதான் போவேன். பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம். அதைப் போய் ஆதாரம் என்று மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். விசாரணைக் குழுவுக்கு வேலை கிடைக்கவில்லையோ என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் கேட்கமாட்டேன். ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தவளுக்குப் பதில் சொல்லவா தெரியாது?

சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. வகுப்புகள், தகுதித் தேர்வு, இரண்டு கட்டுரைகள், கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. இவற்றுக்கு நடுவே இருபத்து நான்கு மாதத் தொடர் தரவு. ஆய்வில் உள்ளவர்கள் பாதியில் குடிக்கிற தண்ணீரை மாற்றிக்கொண்டால் எல்லாம் முதலிலிருந்து. எனக்கு இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது. என் கணவர் தினமும் காலையில் காபியோடு ஒரு கேள்வியையும் நீட்டுவார்: "டாக்டராயிட்டியா, இல்ல இன்னும் கம்பவுண்டர்தானா?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எனக்கு அழுகை வரும்.

மூன்றாவது முறை ஒரு பழைய நான்கு மாடிக் குடியிருப்பு கிடைத்தது. முப்பத்தொரு பிள்ளைகள். மாதம் ஒருமுறை வீடு வீடாகக் குழாய்த் தண்ணீரைக் குப்பிகளில் பிடிப்பேன். பிறகு பிள்ளைகளுக்குப் பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டுவேன். நினைவில் நின்றதை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் மாடியில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். வாயாடி. எல்லோரும் அவளை வக்கீல் என்றே கூப்பிடுவார்கள். முதல் நாள் பதினான்கு சொற்களைச் சொல்லிவிட்டு, விட்டுப்போன ஒன்றை நான்தான் வேகமாகப் படித்துவிட்டேன் என்று வாதாடினாள். போகும்போது என்னை மடக்கினாள்.

"அக்கா, உங்க பாட்டில்ல இருக்கறது மட்டும் என்ன ஸ்பெஷல் தண்ணியா? எங்க வீட்டுத் தண்ணிய ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க?"

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

முதல் மாத முடிவிலேயே காரீயம் தெரிந்தது. பழைய குழாய்களிலிருந்து கரைந்து வருவது. பிள்ளைகளின் மூளையை மெல்ல மெல்ல மந்தமாக்கும். நான் தேடிப் போனதே அதைத்தான். அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு கேட்டபோது, எல்லா வீட்டுக்கும் எழுத்து மூலம் தெரிவித்தாயிற்று என்றேன். தெரிவிக்கத்தான் போகிறேன், ஆய்வு முடிந்ததும். இதில் பொய் எங்கே இருக்கிறது?

ஒன்பதாம் மாதம் வக்கீலின் அம்மா வாசலில் நிறுத்தினாள்.

"டாக்டரம்மா, தண்ணி துரு வாடை அடிக்குது. குழாயெல்லாம் மாத்தணும்னு பேசிக்கறாங்க. நீங்கதான மாசாமாசம் டெஸ்ட் பண்றீங்க, தண்ணி நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. தாராளமா குடிங்க."

தாராளமாக என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் துறையின் கடிதத்தாளில், குழாய் மாற்ற அவசியமில்லை என்று எழுதிக் கட்டட மேலாளரிடம் கொடுத்தேன். வந்த குழாய்க்காரர் பையைத் திறக்காமலே திரும்பிப் போனார். ஒன்பது மாத உழைப்பைக் காப்பாற்றிய நிம்மதி எனக்கு.

வக்கீலின் மதிப்பெண் பதினான்கு, பதின்மூன்று, பதினொன்று, எட்டு என்று வந்தது. வரைபடத்தில் அவ்வளவு அழகாக இறங்கிய கோடு வேறு யாருடையதும் இல்லை.

வைவாவில் வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"தண்ணில காரீயம் இருக்குன்னு உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சது?"

"முதல் மாசமே சார்."

"யார்கிட்டம்மா சொன்னீங்க?"

"மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேனே சார்."

அவர் ஏன் எழுந்து போனார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான் நன்றி மறந்தவள் இல்லை. போன வாரம் ஆய்வேட்டின் ஒரு பிரதியை எடுத்துப்போய் வக்கீலின் கையிலேயே கொடுத்தேன். அவளைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் இருக்கிறது. பழைய கேள்வியைக் கேட்பாள் என்று பாட்டிலையும் அவள் எதிரிலேயே வைத்தேன். அவள் கேட்கவில்லை. அட்டையைத் தடவிக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நன்றி சொல்லக் கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது.