இந்த முகவரியில் ஒரு ஓட்டு

இல்லம்மா, நான் கோவத்துல வெளிய வரலை. இந்தத் தேர்தல் ஆபீசுக்குள்ள இருக்குற பொண்ணு நல்ல பொண்ணுதான். உக்காரு, இந்த பெஞ்சு ரெண்டு பேரைத் தாங்கும். ஓட்டுப் பட்டியல்ல பேரு விட்டுப்போனவங்க புகாரை எழுதத்தானே அட்லாண்டாவுல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்க? எழுதிக்கோ. பேரு லெமுவேல் டார்வர். வயசு எழுபத்தொண்ணு. கோழி வெட்டுற ஆலையில முப்பத்தி நாலு வருஷம். கையைப் பாரு, வெரலு ஒண்ணும் ஒழுங்கா மடங்காது.

காலைல ஏழு மணிக்கே கிளம்பிட்டேன். பெத்தேல் சர்ச் கூடத்துலதான் எப்பவும் எங்களுக்கு ஓட்டு. போனா, கதவுல தாளு ஒட்டியிருக்கு. சாவடியத் தீயணைப்பு நிலையத்துக்கு மாத்தியாச்சாம். பாஸ்டர் சம்சாரம் எட்டிப் பாத்து, ஏன் லெமுவேல், எடம் மாறுனதுக்கு உங்களுக்குக் கார்டு வரலியான்னா. வந்திருக்கும். எங்க வீட்டுல தபாலைப் பிரிக்கிறது வெர்லீன்தான். என் சம்சாரம். நாப்பத்தாறு வருஷமா, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வாரம் முன்னாடியே போன் போட்டு, எந்த எடம், எத்தனை மணி, எல்லாம் கேட்டு ஃப்ரிட்ஜுல எழுதி ஒட்டிடுவா. நான் காரை ஓட்டுனா போதும்.

தீயணைப்பு நிலையத்துல வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. ஒண்ணே முக்கா மணி நேரம். எனக்கு முன்னாடி நின்னவனும் சர்ச்சுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவன்தான். அடுத்த தடவ நிலாவுல வெப்பாங்க பெரியவரே, ராக்கெட்டுக்கு இப்பவே சொல்லி வைங்கன்னான். எல்லாரும் சிரிச்சோம். என் முறை வந்துச்சு. மேசைல இருந்தவன் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, உங்க பேரு இல்லீங்களே, நடுநிலைப் பள்ளிக்குப் போய்ப் பாருங்க, உங்க பக்கத்துத் தெரு பாதி அங்க போயிருக்குன்னான்.

போனேன். அங்கயும் இல்லை.

அப்பத்தாம்மா எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. அந்தக் காலத்துல, கறுப்பருங்க பேரு ஓட்டுப் பட்டியல்ல ஏறக் கூடாதுன்னு, அவளை இதே ஊரு கோர்ட் வாசல்ல, சட்டத்துல இது என்ன, அது என்னன்னு கேள்வி கேட்டு மூணு தடவ திருப்பி அனுப்புனாங்க. நாலாவது தடவ போயி, பேரைப் பதிஞ்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தா. அவ பெத்த பிள்ளை, பேரு இல்லைன்னா சரின்னு போயிடுவேனா? நகர மாட்டேன், ஒரு நாற்காலி போடுங்கன்னுட்டேன்.

அந்தச் சாவடிப் பொண்ணு பதறிப்போயி, முகவரியச் சொல்லுங்க சார்னா. பைன் ரிட்ஜ் ரோடு, இருநூத்திப் பதினாலு. தட்டுனா. இருக்கு இருக்குன்னு மொகமெல்லாம் சிரிப்பு. இந்த முகவரியில ஒரு ஓட்டு இருக்கு சார், வெர்லீன் டார்வர். உங்க வீட்டம்மாவா? அவங்க வரலியா?

வரலைன்னேன்.

தற்காலிகமா ஒரு ஓட்டுப் போடுங்க, அப்புறம் பாத்துச் சேத்துக்குவாங்கன்னா. வேணாம், என்னை எதுக்கு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு நேரா இங்க வந்தேன். படியேறும்போதே என்னென்ன கத்தணும்னு மனசுல அடுக்கிட்டே வந்தேன்.

வெர்லீனா? ஜூலை பதினொண்ணு. கணையத்துல புத்துநோய். கண்டுபிடிச்சு ஏழே வாரம். பரவால்லம்மா, உனக்கு எப்படித் தெரியும், நீ கேட்டது தப்பில்லை. அதுக்கப்புறம் தாளா வந்து குவிஞ்சுது. பென்ஷன் ஆபீசு, மருந்துக்கடை, போன்காரன், லைப்ரரி. ஒவ்வொண்ணுலயும் அவ பேரை எடுங்கன்னு நான்தான் எழுதிப் போட்டேன். மக கேட்டா, நான் வந்து பண்ணட்டுமாப்பான்னு. நீ டெட்ராய்ட்ல உன் பொழப்பைப் பாருடின்னுட்டேன்.

உள்ள அந்தப் பொண்ணு ஒரு தாளை எடுத்துட்டு வந்து காமிச்சா. செத்தவங்களைப் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்ற தாளு. செத்த தேதி, ஜூலை பதினொண்ணு. சரியாத்தான் இருக்கு. செத்தவங்க பேருங்குற எடத்துல லெமுவேல் டார்வர். பொறந்த தேதியும் என்னோடதுதான். கையெழுத்தும் என்னோடதுதான். சமையக்கட்டு மேசைல உக்காந்து எழுதுனது ஞாபகம் இருக்கும்மா. என்ன எழுதுனேன்னுதான் ஞாபகம் இல்லை.

பாவம், அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பத்து நிமிஷ வேலைதான் சார்னு ரெண்டு தாளு எடுத்து வெச்சா. ஒண்ணு, நான் உசுரோட இருக்கேன்னு. இன்னொண்ணு, வெர்லீனுக்கு. மொத தாளுல மட்டும் கையெழுத்துப் போடலாமான்னு கேட்டேன். அவங்க இல்லைன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார், எப்படி விடுறதுன்னா. அவ சொல்றதும் நியாயந்தான். பேனாவை வெச்சுட்டு வந்துட்டேன்.

தெரியும்மா, சாவடிய ஏழு மணிக்கு மூடிடுவாங்க. அந்தப் புகாரை எழுதாத, யாரு மேல எழுதுவ? அவ பேரை எப்படியும் எடுத்துடுவாங்க, நாளைக்கோ அடுத்த வாரமோ. எடுக்கட்டும். எல்லா எடத்துலயும் நானே எடுத்தாச்சு. இது ஒண்ணு என் கையால வேணாம்.