ஏழாம் எண் காளைக்குத் துணை

மாட்டைத் தனியாகக் கட்டினால் சரியாகச் சாப்பிடாது. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இது புரியாவிட்டால் நான் சொல்லும் மற்றது எதுவும் புரியாது.

ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடி அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பத்தொன்பது வருடம் ஆகிறது. இறைச்சிக் காளையை அறைக்குள் விட்டு, காற்றுப் புகாமல் கதவை அடைப்போம். மோட்டார் ஒரு பக்கம் புதுக் காற்றை விட்டு, மறுபக்கம் உள்ளே இருப்பதை இழுத்துக் கருவிக்கு அனுப்பும். எவ்வளவு தின்றது, எவ்வளவு மீத்தேன் விட்டது என்று தெரிந்துவிடும். குறைவாகத் தின்று, நன்றாகச் சதை போட்டு, வாயுவும் குறைவாக விடுகிற காளைதான் வம்சத்துக்கு ஆகும்.

வாயு பின்பக்கமாக வருகிறது என்றுதான் ஊரே நினைக்கிறது. அது ஏப்பமாகத்தான் வருகிறது. அதனால் நிலையத்தில் எனக்கு ஏப்பக்காரர் என்று பெயர். கேன்டீனிலும் அதேதான். வீட்டில் எப்படியும் கூப்பிட ஆளில்லை. மனைவி மகளோடு போய்ப் பல வருடம் ஆகிறது.

எங்களுக்கு இரண்டு விதிகள். பக்கத்து அறையில் கண்ணில் படும்படி இன்னொரு மாடு நிற்க வேண்டும். அளவு தொடங்கிவிட்டால் இரண்டு நாளைக்குக் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

டாக்டரம்மா வந்து மூன்று வருடம். மாட்டு டாக்டர், என்னைவிட இளையவர். அவர் ஒருவர்தான் என்னை அண்ணே என்றார்.

சனிக்கிழமை காலை நிலையத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"அண்ணே, இதோட கண்ணாடி ரூம் வேல முடிஞ்சுது. இனிமே தீவனத் தொட்டியிலயே கருவி வருது. மாடு திங்கும்போதே அளந்துக்கும்."

"அப்ப நான்?"

"உங்கள ஸ்டோருக்கு மாத்துறாங்க. நானும் திங்கக்கிழமை வேற ஊருக்குப் போறேண்ணே. முன்னாடியே சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல."

எனக்கு வலித்தது. ஆனால் கோபம் இல்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம் எண் காளை இரண்டு நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை. அதன் துணை மாட்டை வியாழக்கிழமை விற்றுவிட்டார்கள். டாக்டரம்மா போனை மேசையில் வைத்துவிட்டு, காளையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கண்ணாடி அறைக்குள் போனார். நான் கதவை அடைத்துத் தாழ்ப்பாளை இறுக்கி அளவைத் தொடங்கினேன். பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது என்று சொல்லலாம். சொல்லவில்லை. யோசித்துத்தான் செய்தேன்.

முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு கண்ணாடியைத் தட்டினார். புது மாடும் முதலில் இப்படித்தான் முட்டும், பிறகு பழகிவிடும். கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அவர் கண்ணில் படும்படி உட்கார்ந்தேன். ஏழு அன்று தொட்டியை வழித்துத் தின்றது. துணை கிடைத்துவிட்டதல்லவா.

மேசையில் போன் மூன்று தடவை அடித்தது. 'அம்மா' என்று வந்தது. அடுத்தவர் போனை எடுப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அளவு ஓடிக்கொண்டிருந்தது, ஐயா.

மின்சாரம் போய் மோட்டார் நின்றுவிட்டது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அது தப்பு. மின்சாரம் இருந்தது. காலை பதினோரு மணிக்கு நான்தான் மோட்டாரை நிறுத்தினேன். காற்று நின்றால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த நிலையத்தில் யாரும் இல்லை. ஆனால் அந்த இரைச்சலில் அவர் சொல்வது எனக்குக் கேட்கவே இல்லை.

நிறுத்திய பிறகு நன்றாகக் கேட்டது. "அண்ணே, அண்ணே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் காளை படுத்தது. பொழுது சாயும்வரை அவர் கூப்பிட்டார். குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், இருநூற்றுப் பதினொரு தடவை. என் ஆயுளில் யாரும் என்னை அத்தனை தடவை கூப்பிட்டதில்லை.

விட்டுப் போக நினைப்பவர் அப்படிக் கூப்பிடுவாரா, நீங்களே சொல்லுங்கள்.